எம்.பி.வி. ஏறிவிட்டதா? முதலில் ரத்தம் எடுத்த மணியைக் கேளுங்கள்

டெங்கு வந்து போனதிலிருந்து எங்கள் குடியாத்தம் பக்கத்தில் பிளேட்லெட் என்ற சொல் தெரியாத வீடு கிடையாது. பப்பாளி இலையை இடித்துச் சாறு பிழிகிற ஆயாகூட "எத்தினி ஆயிரம் கீது?" என்றுதான் கேட்கும். ரத்தத்தை உறையவைக்கிற அந்தக் குட்டி அணுக்களின் எண்ணிக்கையைத்தான் எல்லோரும் கேட்பார்கள். அவற்றின் பருமனைக் கேட்டு வருகிறவர்கள் லூபஸ்காரர்கள், அதாவது எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குகிற நோய் உள்ளவர்கள் மட்டும்தான். எங்கேயோ படித்துவிட்டு வந்து, ரத்த அணுக்களை எண்ணுகிற சிபிசி ரிப்போர்ட்டின் கீழ்ப்பக்கத்தில் இருக்கும் எம்.பி.வி. வரியில் விரலை வைத்து, "இது ஏறினா நோய் ஏறுதுன்னு அர்த்தமாமே?" என்பார்கள். நான் 22 வருடமாக ரத்தம் எடுக்கிற லேப் டெக்னீஷியன். என் தங்கைக்கு 2014-லிருந்து லூபஸ். ஊசி பிடிக்கிற பக்கமும் நின்றிருக்கிறேன், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிற பக்கமும் நின்றிருக்கிறேன். அதனால் அந்த வரியை எப்படிப் பார்ப்பது என்று எழுதுகிறேன்.

எம்.பி.வி. என்பது உங்கள் பிளேட்லெட்டுகளின் சராசரிப் பருமன். ஃபெம்டோலிட்டர் கணக்கில் வரும், எஃப்.எல். என்று போட்டிருக்கும். பெரும்பாலான லேப்களில் ஏழரையிலிருந்து பதினொன்றரை வரை சாதாரணம் என்பார்கள், லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். சிவப்பணு ஒன்று 80 முதல் 100 எஃப்.எல். இருக்கும். அது தனியா என்றால் பிளேட்லெட் கடுகு. இயந்திரத்துக்குள் ஒரு நுண்ணிய துளை இருக்கிறது. அணுக்கள் அதில் ஒவ்வொன்றாக நுழையும்போது மின்சாரம் ஒரு கணம் தடைபடும். தடை எவ்வளவு பெரியதோ அணுவும் அவ்வளவு பெரியது. வாலஸ் கூல்டர் 1953-இல் காப்புரிமை வாங்கிய உத்தி இது. எங்கள் லேபில் மேசைமேல் கடகடக்கிற சின்னப் பெட்டியும் அதே உத்தியில்தான் ஓடுகிறது.

பிளேட்லெட்டுக்கு ஆயுள் 7 முதல் 10 நாள். எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்தது பொதுவாகப் பெரிதாக இருக்கும். லூபஸில் உடம்பே தன் பிளேட்லெட்டை அழிக்கத் தொடங்கினால், மஜ்ஜை அவசர அவசரமாகப் புதுசுகளைத் தள்ளிவிடும், சராசரி ஏறும். இது ஒரு கணக்கு. இதற்கு நேர் எதிர்க் கணக்கும் உண்டு: அழற்சி இருக்கிற இடத்தில் பெரிய, துடிப்பான பிளேட்லெட்டுகள் முதலில் செலவாகிவிடும், மிச்சம் சின்னவை, சராசரி இறங்கும். அதனால்தான் நோய் தீவிரமாக இருக்கும்போது எம்.பி.வி. குறைகிறது என்று சில ஆய்வுகளும், கூடுகிறது என்று சில ஆய்வுகளும் சொல்கின்றன. சர்க்கரை, உடல் பருமன், புகை, இதய நோய் எல்லாமும் இந்த எண்ணை அசைக்கும். லூபஸை வகைப்படுத்த 2019-இல் ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுநோய் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட புள்ளிக் கணக்கில், பிளேட்லெட் எண்ணிக்கை 1 லட்சத்துக்குக் கீழே போனால் 4 புள்ளி. பருமனுக்கு ஒரு புள்ளியும் இல்லை.

சரி, பிறகு எதற்கு அதைப் பார்ப்பது? பைசா கூடுதல் செலவில்லாமல் சிபிசியோடு சேர்ந்தே வருகிறது. ஒழுங்காகப் பார்த்தால் டாக்டருக்கு ஒரு சின்னத் துப்பு. ஒழுங்காகப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டுக் கதையே போதும்.

ஒரு வைகாசி முதல் தேதி. கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே கௌண்டன்யா ஆற்றங்கரையில். எங்கள் இயந்திரம் பழுது, அதனால் தங்கையின் ரத்தத்தை ஊதா மூடி டியூபில் எடுத்து மற்றவற்றோடு வேலூரில் ஒரு லேபுக்கு அனுப்பினேன். பைக்கில் போன தம்பி கூட்டத்தில் மாட்டிக்கொண்டான். அக்னி நட்சத்திர வெயில் வேறு. காலை ஏழரைக்கு எடுத்த ரத்தத்தை இயந்திரத்தில் ஓட்டும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது: பிளேட்லெட் 1.62 லட்சம், எம்.பி.வி. 11.8. போன தடவை 9.6.

"இன்னாக்கா, பன்னெண்டு கிட்ட வந்துக்கீது. மறுபடி ஆரம்பிச்சிடுச்சா?" என்று போனில் அழுதாள். நானும் பயந்துபோய் "இருக்கலாம்டி" என்று சொல்லித் தொலைத்தேன். அவள் பெட்டியில் மீதம் கிடந்த ஸ்டிராய்டு மாத்திரையை மூன்று நாள் தானாகவே இரட்டிப்பாகப் போட்டுக்கொண்டாள். நான்காம் நாள் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னைத்தான் கேட்டார்: "ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தீங்க, எத்தனை மணிக்கு ஓட்டினாங்க?" டெக்னீஷியன் நான். அந்தக் கேள்வியை அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும். மறுபடி எடுத்து இருபது நிமிடத்தில் ஓட்டினார்கள். 9.7. சிறுநீரில் புரதம் இல்லை, லூபஸ் ஏறினால் பொதுவாகக் குறைகிற சி3, சி4 என்ற ரத்தப் புரதங்களும் பழைய இடத்திலேயே இருந்தன.

காரணம் டியூபில் இருக்கும் ஈடிடிஏ. ரத்தம் உறையாமல் இருக்க அது வேண்டும். ஆனால் அதில் கிடக்கக் கிடக்கப் பிளேட்லெட் தட்டு வடிவம் போய் உருண்டையாகி ஊதிக்கொள்ளும். துளை வழியே எண்ணுகிற இயந்திரத்தில் அது பெரிதாகத் தெரியும். பிற்பாடு என் ரத்தத்தையே எடுத்து வைத்து ஓட்டிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் 9.1. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே டியூப் 10 தொட்டது. எனக்கு லூபஸ் இல்லை.

ஆகவே செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு தடவையும் ஒரே லேபுக்குப் போங்கள், அதுவும் இயந்திரம் அங்கேயே இருக்கிற லேபாக. வாசலில் பெயர்ப்பலகை மட்டும் வைத்து ரத்தத்தை வெளியூர் அனுப்புகிற இடங்கள் நிறைய, "இங்கியே ஓட்டுவீங்களா?" என்று கேட்பதில் தப்பில்லை. ஒளியால் அளக்கிற இயந்திரமும் உண்டு. அதன் எண்ணை மற்றதன் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டச் சொல்லுங்கள். டியூபில் கோடு வரை ரத்தம் இருக்கட்டும். குறைந்தால் மருந்து விகிதம் கூடி எண் கெடும். எடுத்ததும் எட்டுப் பத்து தடவை மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், இருமல் மருந்து பாட்டில் மாதிரி குலுக்கக் கூடாது. வெயிலுக்குப் பயந்து ஐஸில் வைக்கவும் வேண்டாம், குளிர்ந்தாலும் பிளேட்லெட் உருவம் மாறும். சிபிசிக்கு வெறும் வயிறு தேவையில்லை, இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம்.

எண் கைக்கு வந்ததும் அதைத் தனியாகப் படிக்காதீர்கள். பக்கத்திலேயே பிளேட்லெட் எண்ணிக்கை இருக்கும், அதோடு சேர்த்துப் படியுங்கள். எண்ணிக்கை குறைந்து பருமன் ஏறியிருந்தால், மஜ்ஜை வேலை செய்கிறது, வெளியே எங்கோ அழிவு நடக்கிறது என்ற பக்கம் யோசிப்பார்கள். எண்ணிக்கையும் குறைந்து பருமனும் குறைந்திருந்தால் மஜ்ஜையே மந்தமா என்று பார்ப்பார்கள். அசாதயோப்ரின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு போன்ற லூபஸ் மருந்துகள் அப்படிச் செய்யக்கூடும். எண்ணிக்கை ஒழுங்காக இருந்து பருமன் மட்டும் ஒரு புள்ளி அப்படி இப்படி ஆடினால் அன்றைக்குத் தூங்கிவிட்டு அடுத்த தடவை பாருங்கள்.

சில சமயம் எம்.பி.வி. இடத்தில் எண்ணே இல்லாமல் கோடுகள் மட்டும் வரும். பிளேட்லெட் ரொம்பக் குறைவாகவோ, கட்டிகட்டியாகச் சேர்ந்தோ, சிவப்பணுத் துணுக்குகளோடு கலந்தோ இருந்தால் இயந்திரம் சொல்ல மறுக்கும். அப்போது ஸ்மியர் போட்டு, அதாவது ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். ஈடிடிஏவில் மட்டும் பிளேட்லெட் ஒட்டிக்கொள்கிற ரத்தம் சிலருக்கு உண்டு. நீல மூடி சிட்ரேட் டியூபில் எடுத்தால் 40 ஆயிரம் என்று பயமுறுத்தியது இரண்டு லட்சமாக வந்து நிற்கும். கண்ணாடித் துண்டில் நானே பார்த்திருக்கிறேன், ஊறிய ஜவ்வரிசி மாதிரி ஒன்றோடொன்று அப்பிக்கிடக்கும்.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, ரத்தம் எடுத்த மணி, ஓட்டிய மணி, பிளேட்லெட், எம்.பி.வி., சிறுநீர்ப் புரதம், சி3, சி4, அந்த வாரம் சாப்பிட்ட மாத்திரை அளவு. கடைசிக் கட்டத்தில் உடம்பு எப்படி இருந்தது என்று நான்கு சொல். என் தங்கை எழுதுவது "மூட்டு வலி, வெயில்ல காட்பாடி போனேன்" என்கிற மாதிரி இருக்கும். டாக்டரம்மா முதலில் படிப்பது அந்தக் கட்டத்தைத்தான். ஐந்தாறு வரி சேர்ந்த பிறகுதான் உங்களுக்கு எது வழக்கம் என்று தெரியும். அதற்கு முன் வந்த எந்த எண்ணுக்காகவும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

நோட்டு, எம்.பி.வி. எதற்கும் காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. காலில் சிவப்பு, ஊதாப் புள்ளிகள் பொரிந்தாலோ, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் நிற்காவிட்டாலோ, மாதவிலக்கு கட்டுக்கு அடங்காமல் போனாலோ, முகம் கால் வீங்கிச் சிறுநீர் நுரைத்தாலோ, ஒரு பக்கக் கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று தலைவலியோ மூச்சுத்திணறலோ வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இப்போது எங்கள் இயந்திரம் சரியாகிவிட்டது. தங்கை மாதம் ஒரு தடவை வருவாள், முழுக்கைச் சட்டை, குடை சகிதம், வெயில் ஏறுமுன். நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிவிட்டு, நான் ஊசியை எடுப்பதற்குள் சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்ப்பாள். "ஏழு இருவது. எழுதிக்கோக்கா."