பிள்ளையின் சொந்தப் புத்தியை மழுங்கடிக்கும் சில பழக்கங்கள்

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் ஓவிய நோட்டைப் புரட்டிப் பாருங்கள். முக்கோணமாக இரண்டு மலை, நடுவில் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஓர் ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயில் இருக்கும் இந்த ஊர்களில் சூரியன் எழுவது கோவைச் சமவெளியின் பக்கத்திலிருந்து. அந்தத் திசையில் மலையே கிடையாது. வரப்பு நெடுக நிற்பதோ பனை. பிறகு ஏன் இந்தப் படம்? கரும்பலகையில் அப்படி வரைந்து போட்டார்கள், பார்த்து வரைந்தவர்களுக்கு 'குட்' கிடைத்தது, அவ்வளவுதான்.

முதல் தவறு இதுதான்: மாதிரியைக் கையில் கொடுத்துவிட்டுக் கற்பனையை எதிர்பார்ப்பது. கட்டுரையிலும் இதே கதை. 'மழைக்காலம்' என்று தலைப்புக் கொடுத்தால் வகுப்பு முழுவதும் நோட்ஸில் உள்ள பத்து வரியை ஒப்பிக்கிறது. எருத்தேம்பதி, வடகரைப்பதி பக்கம் மழை மறைவுப் பகுதி. கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நிற்கும் பிள்ளைக்கு மழையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும். அதை எழுதினால் 'பாடத்தில் இல்லாதது' என்று சிவப்பு மையில் அடிக்காமல் இருந்தாலே போதும்.

மொழி விஷயத்தில் பெற்றோர் அவசரப்படுகிறார்கள். எல்லையோரப் பிள்ளை வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமுமாக வளர்கிறது. கதை சொல்லும்போது இரண்டும் கலந்துதான் வரும். மூன்றாவது வாக்கியத்திலேயே நிறுத்தித் திருத்தினால் கதை அங்கேயே செத்துவிடும். முழுவதும் கேளுங்கள், திருத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350 ஏ பிரிவு 1956 முதல் சொல்லி வருகிறது. அந்த வசதி இருக்கும் ஊரிலும், ஆங்கில வழியில் சேர்த்த கையோடு வீட்டில் தமிழ் பேசத் தடை போடுகிறவர்கள் உண்டு. பிள்ளை ஆங்கிலத்திலும் பேசுவதில்லை, தமிழிலும் பேசுவதில்லை.

அடுத்தது கலையை மார்க்காக மாற்றுவது. கேரளத்தின் பள்ளிக் கலோத்சவம், அதாவது மாணவர் கலைப் போட்டி விழா, 1957 முதல் நடக்கிறது, அருமையான ஏற்பாடு. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த விழாவில் பளியர் நடனம், மலைப்புலையர் ஆட்டம், இருளர் நடனம் உள்ளிட்ட ஐந்து பழங்குடிக் கலைகளும் சேர்ந்தன. குமுளி, மறையூர், அட்டப்பாடி மலைகளின் ஆட்டம் மாநில மேடை ஏறியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கிரேஸ் மார்க்குக்காக, அதாவது போட்டியில் கிரேடு வாங்கினால் தேர்வில் கிடைக்கும் கூடுதல் மார்க்குக்காக, ஆடத் தொடங்கும் பிள்ளைக்கு 'பி' கிரேடு வந்தால், மறுவாரமே நடன வகுப்பை நிறுத்திவிடுகிறார்கள். ஆட்டம் பிடித்திருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

இடது கையால் எழுதுவதைத் தடுப்பது, அக்காவோடு ஒப்பிடுவது ஆகியவற்றை விளக்க வேண்டியதே இல்லை. இரண்டையும் விட்டுவிடுங்கள்.

எல்லாப் பழியையும் ஆசிரியர் தலையில் போடுவதும் தவறே. பயமின்றிக் கற்கவும் தன் கருத்தைத் தயங்காமல் சொல்லவும் பள்ளி உதவ வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பல வகுப்புகளை ஓர் அறையில் வைத்துச் சமாளிக்கும் ஆசிரியருக்கு அது எளிதன்று. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலியின் கிராமப் பள்ளிகள் இதற்கு ஒரு வழி கண்டன: பாடத்தைச் சிறு அட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் நகர விடுவது. தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றலுக்கு முன்மாதிரி அதுவே. இங்கும் ஒரு பள்ளம் உண்டு. 'எத்தனை அட்டை முடித்தாய்' என்ற கணக்கு வந்துவிட்டால், அட்டையும் இன்னொரு பரீட்சை ஆகிவிடுகிறது.

அடுத்த பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் சங்க) கூட்டத்தில் மார்க் பட்டியலோடு ரஃப் நோட்டையும் வாங்கிப் பாருங்கள். கடைசிப் பக்கங்களில் பஸ், கோழி, டீச்சரின் மூக்குக்கண்ணாடி என்று பிள்ளை எதையாவது கிறுக்கி வைத்திருக்கும். அதற்காகத் திட்டாதீர்கள், யார் இந்தக் கோழி என்று கேளுங்கள்.