குன்னூர்க் குளிரில் இரட்டைச் சடை: பின்னத் தெரியாதவர்களுக்கு

மனைவிக்குக் கோவைக்கு மாற்றல் வந்ததும், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளின் தலை என் பொறுப்பானது. பள்ளியில் மடித்துக் கட்டிய இரட்டைச் சடை கட்டாயம். முதல் நாள் நான் போட்ட சடை, பள்ளி வேன் ஊருக்குள்ளேயே இருக்கும் பெட்ஃபோர்ட் பகுதியைத் தாண்டுவதற்குள் அவிழ்ந்துவிட்டது. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். 6,000 அடி உயரத்தில் இருக்கும் நமக்கு அது பெரும்பாலும் கட்டிதான். குறுகிய வாய் பாட்டில் வாங்காதீர்கள், அகலவாய் டப்பாதான் சரி. ஒரு விரல் வழித்து உள்ளங்கையில் தேய்த்தாலே உருகிவிடும். (தோடர் பெண்கள் கூந்தலைச் சுருள் சுருளாகத் தொங்கவிட வெண்ணெய் தடவுவது இந்த ஊருக்குப் பொருத்தமான யோசனைதான்.)

ஈரத்தலையில் பின்னாதீர்கள். ஈர முடி இழுபட்டு அறுந்துபோகும், மூட்டமான நாளில் சடைக்குள் காயவும் காயாது. நாங்கள் தலைக்கு ஊற்றுவது ஞாயிறு வெயிலில் மட்டும்.

சிக்கெடுத்து, வால் சீப்பால் நெற்றியிலிருந்து பிடரிவரை நேர் வகிடு எடுங்கள். பின்னந்தலையில் கோணினால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பின்பெஞ்சுப் பிள்ளைகள் பார்ப்பார்களாம். ஒரு பாதியைக் கிளிப்பில் ஒதுக்கிவிட்டு, மறுபாதியை மூன்று கால்களாக, அதாவது மூன்று சம பிரிகளாகப் பிரியுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஓரத்துக் காலை நடுக்காலின் மேலே போட வேண்டும், வலது ஒரு முறை, இடது ஒரு முறை. கேட்க எளிது. பாதியில் பிள்ளை திரும்புவாள், குக்கர் விசில் அடிக்கும், அடுத்து எந்தப் பக்கம் என்பது மறந்துவிடும். ஒரே பக்கத்தை இரண்டு முறை போட்டால் சடை முறுக்கிக்கொள்ளும். எனக்குக் கைகொடுத்த கணக்கு இது: ஒரு கையில் எப்போதும் இரண்டு கால் இருக்கும், மற்றதில் ஒன்று. இரண்டு இருக்கிற கையில் வெளி ஓரத்துக் கால்தான் அடுத்து நகர வேண்டியது. அதை நடுவே போட்டு மறுகைக்குக் கொடுத்துவிடுங்கள். இப்போது அந்தக் கையில் இரண்டு. எங்கே விட்டாலும் கையைப் பார்த்தால் போதும்.

இது கைக்கு வரும்வரை பிள்ளையின் தலையைத் தொடாதீர்கள். ஸ்வெட்டர் பின்னும் உல்லன் நூலை மூன்று நிறத்தில் ஜன்னல் கம்பியில் கட்டிப் பழகுங்கள். நான் நான்கு இரவு பழகினேன்.

அப்புறம், முதல் மூன்று பின்னலை இறுக்கமாக, தலையை ஒட்டிப் போடுங்கள். பிள்ளை நேராகப் பார்க்க வேண்டும். குனிந்தபடி பின்னினால், நிமிர்ந்ததும் பிடரியில் தொளதொளவென்று தொங்கும். என் முதல் நாள் சடை அவிழ்ந்ததற்கு இதுதான் காரணம். அதற்காக நெற்றித் தோல் இழுபடும் அளவுக்கு இறுக்கவும் வேண்டாம்.

பாதி நீளம் வந்ததும் ரிப்பனை இரண்டாக மடித்து நடுக்காலின் அடியில் கொடுங்கள். ஒரு முனை இடது காலோடும் இன்னொன்று வலது காலோடும் சேர்ந்து வரட்டும். நுனியில் சுற்றி முடிச்சுப் போட்டு, சடையை மேலே மடித்துக் காதுக்குப் பின்னால் பூப்போலக் கட்டுங்கள். பளபளக்கும் சாட்டின் ரிப்பன் வழுக்கும், நான் வாங்குவதே இல்லை. பணக்கட்டு ரப்பர் பேண்டும் வேண்டாம், கழற்றும்போது முடியோடு வரும். துணி சுற்றிய பேண்ட் போதும்.

இது வந்துவிட்டால் பிரெஞ்சு பின்னல் பெரிய விஷயமில்லை. உச்சியில் கொஞ்சம் முடியோடு தொடங்கி, ஓரத்துக் காலை நகர்த்தும் முன் பக்கத்திலிருந்து கொஞ்சம் முடி சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஓர் அக்கா, ஸ்டெப் கட் செய்த முடி நடுவில் பிதுங்குகிறதே என்று கேட்டிருந்தார். விரலில் துளி எண்ணெய் தொட்டு அந்த இடத்தை நீவிவிட்டுப் பின்னுங்கள், முக்கால்வாசி அடங்கும். இன்னொருவருக்குக் குல்லாதான் பிரச்சினை. அதற்குச் சடையைக் காதுக்குக் கீழே தொடங்குங்கள். மடிப்பையும் தாழ்வாகக் கட்டினால் குல்லாவைக் கழற்றும்போது ரிப்பன் கூடவே வராது.