கிடாக்குட்டிக்குக் காயடிக்கும் வயது: காசைக் கரைக்கும் தவறுகள்

வெள்ளாட்டுப் பண்ணைக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர் காயடிப்பை விற்பனை நாள்வரை தள்ளிப்போடுகிறார்கள். மீதிப்பேர் பிறந்த வாரமே விதைப்பையில் ரப்பர் வளையத்தை மாட்டிவிடுகிறார்கள். சுத்தமான கத்தி, மழைக்காலத்தில் அறுக்கக் கூடாது, ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி என்பதெல்லாம் கால்நடை மருத்துவரே சொல்லிவிடுவார். வயதைப் பற்றித்தான் பேச்சே எழுவதில்லை.

எல்லாக் கிடாவுக்கும் காயடிப்பது

ஆறு மாதத்துக்குள் கறிக்குப் போகும் குட்டிக்குக் காயடிப்பே வேண்டாம். விதையுள்ள குட்டிதான் வேகமாக வளரும், அதே தீவனத்தில் கூடுதல் சதை போடும். நான்காம் மாதத்துக்குள் பெட்டைகளிடமிருந்து பிரித்தால் போதும். ஒரு வருடம் வைத்து விற்பவருக்கு நிலைமை வேறு. பருவம் வந்த கிடா பெட்டை பின்னால் அலைந்து மேய்ச்சலை விடும், ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும், மொச்சை வாடை ஏறும். காயடித்ததில் கொழுப்பு படியும், கறி மெத்தென்று வேகும்.

பிறந்த வாரமே வளையம் போட்டு, தவிட்டில் வளர்ப்பது

அதிகம் நஷ்டம் தருவது இதுதான். அந்த நஷ்டத்தைக் காயடிப்போடு சேர்த்துப் பார்ப்பவர் அபூர்வம் என்பதுதான் எரிச்சல்.

கிடாவின் மூத்திரக்குழாய் வளர்வதற்கு விதையின் சுரப்பு வேண்டும். ஒரு வாரத்தில் வளையம் போட்டு விதையை அழித்துவிட்டால் குழாய் குறுகலாகவே நின்றுவிடும். குழாயின் நுனியில் நூல் போன்ற ஒரு நீட்சி இருக்கும். ஆக இடுக்கான இடம் அதுதான். பிறகு சீக்கிரம் எடை ஏற வேண்டுமென்று கோதுமைத் தவிட்டையும் அரிசித் தவிட்டையும் அள்ளிப் போடுவார்கள். இரண்டிலும் சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு. உப்பும் தண்ணீரும் குறைந்தால் மணல் போலக் கல் திரண்டு அந்த நூலில் அடைக்கும்.

விற்கும் எடைக்கு வந்த கிடா ஒருநாள் முதுகைக் கூனி, பின்னங்காலை நீட்டி நின்று முக்கும். வால் துடிக்கும். குறிமுடியைத் தடவினால் உப்புத்தூள் போல விரலில் நெருநெருக்கும். பார்ப்பவர் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் புகட்டுவார். மறுநாள் ஆடு முக்குவதை நிறுத்தும், தேறிவிட்டது என்று நினைப்பார். மூத்திரப்பை கிழிந்ததால் வந்த அமைதி அது. பிறகு வயிறு உப்பும், ஆடு போய்விடும். முக்கத் தொடங்கிய அன்றே கூட்டிப்போனால், அடைப்பு நுனியில் இருக்கும் பட்சத்தில் மருத்துவர் அந்த நூலை வெட்டிவிட்டே பிழைக்க வைக்க வழியுண்டு.

முதல் குற்றவாளி தீவனம், துணைபோவது வயது. ஆகவே இரண்டரை, மூன்று மாதத்தில் காயடியுங்கள். தவிட்டைக் குறைத்து, 100 கிலோ கலவைக்கு 2 கிலோ கால்சைட் (சுண்ணாம்புக்கல்) தூளும் 1 கிலோ உப்பும் சேருங்கள். மொத்தத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும்; அகத்தி, வேலிமசால், சூபாபுல் தழை அதற்குக் கைகொடுக்கும். தொட்டித் தண்ணீர் எந்நேரமும் நிறைந்திருக்கட்டும்.

பண்டிகை நெருங்கும்போது காயடிப்பது

எட்டு, ஒன்பது மாதக் கிடாவுக்கு வலியும் வீக்கமும் அதிகம். சில வாரம் தீனி குறையும். விலை கிடைக்கும் நேரத்தில் எடை இறங்கும். வாடையும் உடனே போய்விடாது. அவ்வளவு தாமதமானால் அப்படியே விற்றுவிடுங்கள்.

கிடுக்கியைச் சோதிக்காமல் அழுத்துவது

தோலை அறுக்காமல் உள்ளே நாளத்தை மட்டும் நசுக்கும் பர்டிசோ கிடுக்கியின் தாடைகள் சரியாகப் பொருந்த வேண்டும். மடித்த காகிதத்துக்குள் நூலை வைத்து அழுத்துங்கள். நூல் அறுந்து காகிதம் கிழியாமல் இருந்தால் கிடுக்கி நன்றாக இருக்கிறது. விதைக்கு மேலே, ரத்தமும் விந்தும் போகும் நாளத்தை விரலால் பையின் ஓரத்துக்குத் தள்ளி, ஒவ்வொரு பக்கமாகத் தனித்தனியே நசுக்க வேண்டும். நசுக்கிய இரண்டு கோடும் நடுவில் சேரக் கூடாது. சேர்ந்தால் பைக்கு ரத்தம் போகாமல் தோல் அழுகும். ஆறு வாரம் கழித்துத் தடவிப் பாருங்கள், விதை சுருங்கியிருக்க வேண்டும். சுருங்காமல் கெட்டியாகவே இருந்தால் நாளம் தப்பியிருக்கிறது.

பால் மறக்கடிக்கும் நாளிலேயே காயடிப்பது

கூடாது. இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்.

அன்றே பெட்டைகளோடு சேர்ப்பது

நாளத்தில் தங்கிய விந்து சினைப்படுத்தும். ஆறு வாரம் தனிப்பட்டி.