கிராமத்துல இருந்த அந்த நெருக்கத்தை இப்போ இருக்கிற தெருவுல எப்படி உண்டாக்குறது

கிராமத்துல வளர்ந்தவங்க யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க, அப்போ ஊரே ஒரு குடும்பம் மாதிரி இருந்தோம், இப்போ பக்கத்து வீட்டுக்காரர் பேர்கூட தெரியலன்னு. நானும் ரொம்ப வருஷம் அப்படியே புலம்பிட்டு இருந்தேன். 2007-லயே உலக ஜனத்தொகைல பாதிக்கு மேல நகரத்துக்கு வந்தாச்சுன்னு ஐ.நா. கணக்கு சொல்லுது, இனி எல்லாரும் மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்குத் திரும்பப் போறதில்ல, அதனால இருக்கிற இடத்துல என்ன பண்ணலாம்னு யோசிச்சு, நானே செஞ்சு பார்த்ததை இங்க எழுதுறேன்.

முதல்ல அந்த நெருக்கம் எங்கருந்து வந்துச்சுன்னு புரிஞ்சுக்கணும். எங்க ஊர்ல கிணத்துல வாளி விழுந்துட்டா அதை எடுக்குற பாதாள கரண்டி ஒரே ஒரு வீட்டுலதான் இருந்துச்சு. இரும்பு வளையம், சுத்திலும் கொக்கி கொக்கியா தொங்கும், துரு வாசனை கையில ஒட்டிக்கும். அதை வாங்கப் போனா சும்மா வாங்கிட்டு வந்துர முடியாது, வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையான்னு நாலு வார்த்தை பேசணும், அப்புறம் கரண்டிக்காரரே கூட வந்து கயித்தைப் பிடிச்சு இப்படி அசை அப்படி அசைன்னு சொல்லுவார், எட்டிப் பார்க்குற பிள்ளைங்களை ஒருத்தர் விரட்டுவார், கடைசில அடியில டங்குன்னு ஒரு சத்தம் கேட்கும் பாருங்க, அப்போ எல்லார் முகத்துலயும் ஒரு சிரிப்பு. அரை மணி நேரம் போயிருக்கும். அதை பாசம்னு அன்னைக்கு யாரும் நினைக்கல, எல்லா வீட்டுலயும் எல்லாமும் இல்லாததால ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதிச்சே ஆகணும், அவ்வளவுதான். இன்னைக்கு நம்ம வீட்டுல எல்லாமே இருக்கு, அதான் யாரும் வர்றதில்ல.

அதனால நான் சொல்ற முதல் வேலை, உதவி கேளுங்க. செய்றது இல்ல, கேக்குறது. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க"ன்னு நூறு பேர்கிட்ட சொன்னாலும் ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க, கூச்சப்படுவாங்க. நீங்க போய் ஏணியோ ட்ரில் மெஷினோ சைக்கிள் பம்ப்போ கேளுங்க, சின்னதா, திருப்பிக் கொடுக்கக்கூடியதா இருக்கணும். அன்னைக்கே துடைச்சு திருப்பிக் கொடுத்துருங்க, கொடுக்கும்போது ரெண்டு நிமிஷம் நின்னு பேசுங்க. நமக்கு உதவி பண்ணினவங்களுக்கு நம்ம மேல பிடிப்பு கூடுதுன்னு 1969-ல வந்த ஒரு உளவியல் ஆராய்ச்சிலயே சொல்லியிருக்காங்க, நம்ம பாட்டிமாருக்கு இது ஆராய்ச்சி இல்லாமலே தெரியும்.

அடுத்தது, கண்ணுல படணும். 1950-ல வெளியான ஒரு ஆய்வு இருக்கு, அமெரிக்காவுல எம்.ஐ.டி.ங்கிற பல்கலைக்கழகத்தோட மாணவர் குடியிருப்புல பண்ணினது. யாருக்கு யார் நண்பர்னு பார்த்தா பெரும்பாலும் அடுத்த கதவுக்காரங்கதான், மாடிப்படி பக்கத்துல குடியிருந்தவங்களுக்கு மத்த மாடிக்காரங்ககூடயும் அதிகம் பழக்கம், ஏன்னா வர்றவங்க போறவங்க எல்லாரும் அந்த வழியாத்தான் போகணும். நம்மளும் அதையே செய்யலாம், தினமும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல இருங்க. சாயந்திரம் ஆறு மணிக்கு வாசல்ல சேர் போட்டு உட்காருங்க, லிஃப்ட்டை விட்டுட்டு படியில ஏறுங்க, செடிக்கு வெளியில நின்னு தண்ணி ஊத்துங்க. இயர்போனை கழட்டிருங்க, காதுல அது இருந்தா யாரும் பேச்சு கொடுக்க மாட்டாங்க.

பேரை கேட்டு போன்ல குறிச்சு வச்சுக்கோங்க, வீட்டு நம்பரோட. முதல் மாசத்துல "பேர் மறந்துட்டேங்க"ன்னு சொன்னா தப்பா நினைக்க மாட்டாங்க, ஒரு வருஷம் கழிச்சு அதைக் கேக்க வாய் வராது.

பொறுமை ரொம்ப முக்கியம். நெருங்கின நண்பரா ஆகுறதுக்கு சேர்ந்து கழிக்கிற நேரம் 200 மணி நேரத்துக்கு மேல ஆகுதுன்னு கான்சாஸ் பல்கலைக்கழகத்துல 2018-ல வந்த ஆய்வு சொல்லுது. வாரத்துக்கு ஒரு மணி நேரம்னா கிட்டத்தட்ட நாலு வருஷம். ஊர்ல நம்ம சின்ன வயசுல லீவு நாள்ல காலைல போய் இருட்டினப்புறம்தான் வீட்டுக்கு வருவோம், அந்த 200 மணி நேரம் ஒரே மாசத்துல முடிஞ்சுரும். அதனால ஆறு மாசத்துல ஒண்ணும் நடக்கலைன்னு மனசை விட்டுராதீங்க.

வாட்ஸ்அப் குரூப் பத்தி ஒண்ணு சொல்லணும். நன்றியை குரூப்ல சொல்லுங்க, குறையை நேர்ல போய் சொல்லுங்க. இதை நம்ம ஆளுங்க தலைகீழா பண்றாங்க, சத்தமா பாட்டு வச்சாங்கன்னு ஐம்பது பேர் முன்னாடி எழுதினா அந்த வீட்டுக்காரங்க முகம் கொடுத்துப் பேச எத்தனை மாசம் ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

ஊர்ல இருந்தது எல்லாத்தையும் அப்படியே கொண்டு வர வேண்டாம். எங்க ஊர் நெருக்கத்துல எல்லாருக்கும் இடம் இருந்துச்சுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன், யார் எந்த வாசல் வரைக்கும் வரலாம்னு கோடு இருந்துச்சு, ஒரு வீட்டுல நடந்தது மறுநாள் பத்து வீட்டுல பேச்சா இருக்கும், அதுல நொந்து போனவங்களை எனக்குத் தெரியும். அதனால ஒரு வீட்டுல கேட்டதை இன்னொரு வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க. பழக ஆரம்பிக்கும்போது தனியா இருக்கிறவங்க, வாடகைக்குப் புதுசா வந்தவங்க, நம்ம பாஷை பேசாதவங்ககிட்டருந்து ஆரம்பிங்க. அடுத்தவங்க பிள்ளையை உரிமையா கண்டிக்கிறதும் அப்போ சரி, இப்போ அப்பா அம்மா மனசு தெரியாம செய்யாதீங்க.

பழக்கம் ஓரளவுக்கு வந்தப்புறம், ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஆகட்டும், நம்பிக்கையான ஒரு வீட்டுல மாத்துச் சாவி ஒண்ணு கொடுத்து வைங்க. நான் கீழ் வீட்டு அம்மாகிட்ட கொடுத்திருந்தேன். ஒரு தடவை நாங்க வெளியூர்ல இருக்கும்போது பைப் உடைஞ்சு தண்ணி படியில இறங்கியிருக்கு. அவங்ககிட்டருந்து போன் வந்துச்சு, "வால்வை மூடிட்டேன், தரையையும் துடைச்சு விட்டுட்டேன், நீங்க பதறாம மெதுவா வாங்க."