படர்தாமரைக்கு டியூப் வாங்கும் முன்

திருப்பூரில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். வெயில் ஏறினால் போதும், பனியன் கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க" என்பார்கள். பெரும்பாலும் படர்தாமரைதான்.

முதலில் அதுதானா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வட்டமாக இருக்கும். ஓரம் மட்டும் தடித்து, சிவந்தோ கறுத்தோ, பொடிப்பொடியாகச் செதில் உதிரும். நடுவில் தோல் ஓரளவு தெளிந்திருக்கும். தொடை இடுக்கு, இடுப்பு, அக்குள் என்று வியர்வை தங்கும் இடங்களில் பூஞ்சை பிடித்து வருவது இது. தேமலுக்கும் பூஞ்சைதான் காரணம், ஆனால் அது முதுகிலும் மார்பிலும் வெளிறிய திட்டுகளாக வரும், அரிப்பு அதிகம் இருக்காது. தொட்டால் உணர்ச்சியே இல்லாத திட்டு என்றால் டியூப் கேட்காதீர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொழுநோயாக இருக்கலாம், மருந்து அங்கே இலவசம்.

அடுத்து, டியூப்பைத் திருப்பிப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, ஆனாலும் "எங்க வீட்டுக்காரர் பூசினாரு, ரெண்டே நாள்ல நின்னுச்சு" என்று அதையேதான் கேட்கிறார்கள். அரிப்பு நிற்பது உண்மை. எரிச்சலை மட்டும் அடக்கிவிட்டு, பூஞ்சை உள்ளே பரவ வழிவிடுகிறது. நிறுத்தியதும் முன்பைவிட அகலமாகக் கிளம்பும். வட்டம் கலைந்துபோய் டாக்டருக்கே அடையாளம் தெரியாது. தோல் மெலிந்து, தொடையில் வரிவரியாகத் தழும்பு விழுந்தால் அது போகாது.

குளோட்ரிமசால், டெர்பினாஃபின், லூலிகோனசால் இவற்றில் ஒன்று மட்டும் உள்ள கிரீம் போதும். குளித்து, ஈரம் போகத் துடைத்து, வட்டத்துக்கு வெளியே 2 செ.மீ. வரை சேர்த்துப் பூசுங்கள். பூஞ்சை முன்னேறுவது ஓரத்தில்தான். தடம் மறைந்த பிறகும் 2 வாரம் விடக் கூடாது. பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். பூண்டு, சுண்ணாம்பு எல்லாம் வேண்டாம், வெந்து புண்ணாகிவிடும்.

அரைஞாண் கயிற்றை யாரும் நினைப்பதில்லை. நாள் முழுக்க ஈரத்தோடு இடுப்பைச் சுற்றிக் கிடக்கிறது. கழற்றிவிடுங்கள், சாமிக்குத் தெரியும். துண்டு தனியாக இருக்கட்டும். உள்ளாடையைச் சுடுதண்ணீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் காயப்போடுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் எல்லோரும் ஒரே சமயத்தில் மருந்து போட வேண்டும், இல்லாவிட்டால் மாறி மாறி ஒட்டிக்கொண்டே இருக்கும்.

குழந்தையின் தலையில் முடி கொட்டி வட்டமாக வந்தால் கிரீம் மட்டும் போதாது, மாத்திரை தேவைப்படும். முகத்தில் வந்தாலும், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள் என்றாலும், 2 வாரம் பூசியும் குறையாவிட்டாலும் தோல் டாக்டரைப் பாருங்கள். அதுவரை பூசிய டியூப்களை ஒளிக்காமல் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.