முதல் லிங்பி கல் வாங்கும் முன்

வேலைக்காகச் சீனாவின் சூசோ நகருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு கல் வாங்கினேன். கன்னங்கரேலென்று, மலைமுகடு போல இருந்தது. லிங்பி என்று சொல்லித்தான் விற்றார்கள்; வீட்டில் பீடத்தில் வைத்து ரசிக்கும் சீன அழகுக்கல் அது. வீட்டில் ஈரத்துணியால் துடைத்தேன், துணியெல்லாம் கறுப்பு. சாயம்!

அதனால் கடைக்குப் போகும்போது ஈரத்துணி இருக்கட்டும். விலை பேசுவதற்கு முன்பே துடைத்துப் பாருங்கள்.

அடுத்தது காது. கல்லை மரப்பீடத்திலிருந்து எடுத்து, மடித்த துணிமேல் வைத்து விரல் முட்டியால் தட்டுங்கள். நல்ல லிங்பி கல் வெண்கலம் போலக் கணீரென்னும். 'பொத்' என்றால் உள்ளே விரிசலோ பசை ஒட்டோ இருக்கலாம். கனத்த கல் சிலவும் அப்படித்தான் ஒலிக்கும், அதனால் இதை மட்டும் வைத்துத் தள்ளிவிட வேண்டாம்.

துளைகளில் டார்ச் அடியுங்கள். தானாக உண்டான துளை வளைந்து போகும், ஓரிடத்தில் அகலும், ஓரிடத்தில் குறுகும். துளைக்கருவி போட்டது குழாய் மாதிரி நேராக இருக்கும். அன்ஹுய் மாநிலத்து லிங்பி வட்டாரத்தில் இந்தக் கல்லைச் செம்மண்ணிலிருந்துதான் தோண்டுகிறார்கள். இடுக்கில் கொஞ்சம் செம்மண் ஒட்டியிருந்தால் எனக்கு ஒரு நிம்மதி. எல்லாப் பக்கமும் ஒரே வழவழப்பு என்றால் அமிலத்தில் ஊறியதோ என்று சந்தேகப்படுவேன்.

அழகுக்குப் பழைய அளவுகோல் நான்கு: மெலிவு, மேலிருந்து ஊற்றிய நீர் கசிந்து இறங்கும் துளை, மறுபக்கம் தெரியும் திறப்பு, மேற்பரப்பில் தோல்போல் மடிந்த சுருக்கம். இவற்றைச் சீனாவின் சோங் அரசர்கள் காலத்து ஓவியர் மீ ஃபூ பெயரில் சொல்வது வழக்கம். ஒரு பாறைக்கு உடையெல்லாம் திருத்திக்கொண்டு வணங்கி 'அண்ணா' என்று அழைத்த மனிதர் அவர். நான்கும் ஒரே கல்லில் வேண்டும் என்று அலையாதீர்கள். அதே காலத்தில் 116 வகைக் கற்களைப் பட்டியலிட்ட தூ வான், லிங்பியை முதலில் வைத்தார். நாலு பக்கமும் நன்றாக அமைந்த லிங்பி நூற்றுக்கணக்கில் ஒன்றிரண்டுகூட இல்லை என்றும் எழுதினார். முன்பக்கம் ஒன்று பேசினால் போதும், வாங்கலாம்.

அப்புறம் வைக்கும் இடம். வெள்ளைச் சுவரை ஒட்டி, உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு வரும்படி வையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். சாயங்காலம் துளை வழியாகச் சுவரில் விழும் வெளிச்சப் பொட்டைப் பார்த்தபடி என் தேநீர் ஆறிப்போகும்.