அங்கன்வாடி டீச்சரையும் ஆயாம்மாவையும் முறைப்படி பாராட்டுவது எப்படி? முதன்முறை முயல்பவர்களுக்கு

என் மகள் இரண்டரை வயதில் எங்கள் தெருக்கோடி பால்வாடிக்குப் போக ஆரம்பித்தாள். நாலு மாதம் போயிருக்கும். ஒருநாள் டீச்சர் என்னை வாசலில் நிறுத்தி, "பாப்பா இடது பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குதும்மா. காதை ஒருதடவை காட்டிருங்க" என்றார். வீட்டில் இருந்த நாங்கள் ஐந்து பேரும் அதைக் கவனித்திருக்கவில்லை. நடுக்காதில் நீர் கட்டியிருப்பதாகச் சொல்லி மருந்து கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. நன்றி சொல்லப் போனபோது பேச்சுவாக்கில் டீச்சர் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது: "இருபது வருசத்துல என்னைப் பத்தி ஊர்லேர்ந்து ஆபீசுக்குப் போன கடுதாசி ரெண்டு. ரெண்டும் புகார்தான்."

அன்று மூன்றாவது கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். எப்படி எழுதுவது, யாருக்கு அனுப்புவது என்று ஒன்றும் தெரியவில்லை. அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: நல்ல வேலை எது என்று பார்க்கப் பழகுங்கள்

இந்தப் படிக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். நம்மில் பெரும்பாலோர் குழந்தை ஏ, பி, சி, டி சொல்கிறதா என்பதை வைத்துத்தான் டீச்சரை எடை போடுகிறோம். அங்கன்வாடியின் வேலை அதைவிடப் பெரியது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் ஆறு பணிகள் உண்டு: இணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, தேவைப்பட்டால் மருத்துவமனைக்குப் பரிந்துரைத்தல், தாய்மார்களுக்கு ஊட்டச்சத்து குறித்துச் சொல்லிக்கொடுத்தல். இத்தனையையும் ஒரு பணியாளரும் (நாம் டீச்சர் என்பவர்) ஓர் உதவியாளரும் (ஆயாம்மா) சேர்ந்து சுமக்கிறார்கள்.

முதலில் எடை போடும் நாளில் போய்ப் பாருங்கள். வளர்ச்சி அட்டையில் ஒவ்வொரு மாத எடையையும் புள்ளியாக வைத்துக் கோடு இழுப்பார்கள். கோடு மேலே ஏறினால் நல்லது. இரண்டு மூன்று மாதமாகப் படுத்தே கிடந்தால் அந்தக் குழந்தைக்கு ஏதோ குறை. அக்கறையுள்ள டீச்சர் அன்றைக்கே அந்தக் குழந்தையின் அம்மாவிடம் பேசுவார். கையளவு நாடாவால் மேல்கையைச் சுற்றி அளப்பதும் உண்டு. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு அது 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எடை குறைந்த குழந்தைகள் அதிகமாகப் பதிவாகியிருக்கும் மையம் மோசமான மையம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உண்மையாக எடை போட்டு உண்மையாக எழுதுகிறவரின் பதிவேட்டில்தான் அந்தக் குழந்தைகள் தெரிவார்கள். எழுதப்பட்ட குழந்தைக்குத்தான் கூடுதல் உணவும் மருத்துவமும் கிடைக்கும். ஆறு வயதுக்குட்பட்ட சாதாரணக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 500 கலோரி என்றால், கடுமையாக எடை குறைந்த குழந்தைக்கு 800 கலோரி தர வேண்டும் என்பது விதி. எண்ணிக்கையை அழகாகக் காட்டுவதற்காக எடையைக் கூட்டி எழுதினால் அந்த 300 கலோரி அந்தக் குழந்தையின் வாய்க்குப் போகாது.

பிறகு சாப்பாட்டு நேரம். முட்டை போடும் நாளில், முட்டையை ஒதுக்கும் குழந்தையை ஆயாம்மா என்ன செய்கிறார் என்று பாருங்கள். எங்கள் ஆயாம்மா மஞ்சள் கருவைச் சோற்றோடு பிசைந்து, "காக்காவுக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய்" என்று ஊட்டுவார். முதல் வாரம் அழுகிற புதுப்பிள்ளையை இடுப்பை விட்டு இறக்கவே மாட்டார். இதற்கெல்லாம் பதிவேட்டில் கட்டம் கிடையாது. நீங்கள் எழுதினால்தான் உண்டு.

படி 2: குறிப்பேடு போடுங்கள்

பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நடந்தது, அதனால் குழந்தைக்கு என்ன ஆனது: மூன்றே பத்தி. "டீச்சர் அன்பானவர்" என்று எழுதினால் அலுவலகத்தில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "கிழக்குத் தெருவில் மூன்று நாள் வராத குழந்தையைத் தேடி வீட்டுக்குப் போனார், காய்ச்சல் என்று தெரிந்து கிராம சுகாதார செவிலியரை அழைத்து வந்தார்" என்று எழுதினால் அது சாட்சி.

படி 3: மற்ற பெற்றோரிடமும் கேளுங்கள்

நாலைந்து பேர் போதும். மையத்துக்குத் தொலைவில் இருக்கும் தெருவிலிருந்து வருகிறவர்களையும், கர்ப்பிணிகளையும் கட்டாயம் கேளுங்கள். எல்லாச் சாதிக் குழந்தைகளையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து ஒரே கரண்டியில் பரிமாறுகிறாரா என்பது அவர்களிடம் கேட்டால்தான் தெரியும். அதில் குறை இருந்தால் மற்ற சிறப்புகள் எத்தனை இருந்தாலும் நான் பாராட்டுக் கடிதம் எழுத மாட்டேன்.

படி 4: டீச்சரிடம் சொல்லிவிடுங்கள்

திடீர் மகிழ்ச்சி கொடுக்கிறேன் என்று மறைத்துச் செய்யாதீர்கள். ஆபீசுக்குக் கடிதம் போகிறது என்றாலே பதறிப்போவார்கள். "உங்களைப் பத்தி நல்லதா எழுதப் போறோம் டீச்சர், எதையாவது எழுத வேணாம்னா சொல்லுங்க" என்று கேளுங்கள்.

படி 5: கடிதம்

பெறுநர்: உங்கள் வட்டாரத்தின் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். நகல்: மாவட்டத் திட்ட அலுவலர், மாவட்ட ஆட்சியர். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நான் எழுதியதன் சாரம் இது:

"எங்கள் ஊர் அங்கன்வாடி மையத்தில் பணிபுரியும் பணியாளரும் உதவியாளரும் கடந்த ஆறு மாதங்களில் செய்த பணிகளில் எங்களுக்கு நேரில் தெரிந்த மூன்றை இங்கே குறிப்பிடுகிறோம். (தேதியோடு மூன்று நிகழ்ச்சிகள்.) இவர்கள் இருவரின் பணியையும் பாராட்டி, இக்கடிதத்தை அவர்களுடைய பணிப்பதிவில் சேர்க்குமாறும், குடியரசு தின விழாவில் பாராட்டுச் சான்றிதழ் வழங்கப் பரிந்துரைக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்."

கீழே பெற்றோர் கையெழுத்துகள். எடை குறைந்த குழந்தையைப் பற்றி எழுதினால் பெயர் போடாதீர்கள், "ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று" என்றால் போதும்.

இருவர் பெயரையும் எழுதுவது முக்கியம். பாராட்டு வரும்போது பெரும்பாலும் உதவியாளர் விடுபட்டுப் போகிறார். சம்பளத்திலும் அப்படித்தான். 2018 அக்டோபர் முதல் ஒன்றிய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் பணியாளருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. அதற்கு மேல் மாநில அரசு தருவது தனி. இவர்களுக்குப் பணிக்கொடை (வேலையை விட்டுப் போகும்போது தரும் தொகை) பெற உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2022 ஏப்ரலில்தான். திட்டம் தொடங்கி 46 ஆண்டுகளுக்குப் பிறகு. பாராட்டுக் கடிதம் ஊதியத்துக்கு ஈடாகாது. ஊதியத்துக்காக அவர்கள் குரல் கொடுக்கும்போது பெற்றோரும் கூட நிற்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: கிராம சபையில் தீர்மானம்

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. பத்து நாள் முன்னதாகவே ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 100 பேர் வந்திருக்க வேண்டும். ஆகவே பால்வாடித் தாய்மார்கள் எல்லாரையும் கையோடு கூட்டிப்போங்கள். கைதட்டிவிட்டுக் கலைந்துவிடாமல், தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, நகல் கேட்டு மனு கொடுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் வார்டு கவுன்சிலரிடம் போகலாம்.

என்ன பரிசு கொடுப்பது?

பணமும் வேண்டாம், விலை உயர்ந்த பொருளும் வேண்டாம். அவருக்கே சங்கடமாகிவிடும். பிள்ளைகள் கிறுக்கிய ஓர் அட்டை கொடுங்கள். மையத்துக்குப் பாய், பொம்மை வாங்கித் தருவது நல்ல காரியம்தான். ஆனால் அது மையத்துக்கு, அவருக்கு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். குழந்தைகளோடு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதானால் ஒவ்வொரு பெற்றோரிடமும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

படி 7: விடாமல் கேளுங்கள்

ஒரு மாதம் கழித்து அலுவலகத்துக்குப் போய், கடிதம் பணிப்பதிவில் சேர்ந்ததா என்று கேளுங்கள். எனக்கு முதல்முறை "எந்தக் கடிதம்?" என்றார்கள். முத்திரை வைத்த நகலைக் காட்டியதும் தேடி எடுத்தார்கள். குடியரசு தினச் சான்றிதழுக்குப் பரிந்துரை போக வேண்டுமென்றால் டிசம்பர் தொடக்கத்திலேயே உங்கள் கடிதம் அலுவலகத்தில் இருக்க வேண்டும், சுதந்திர தினத்துக்கு ஜூன் கடைசியில். சான்றிதழ் கிடைக்காமல் போகலாம், எங்களுக்கும் முதல் தடவை கிடைக்கவில்லை. முத்திரை வைத்த நகலையும் தீர்மான நகலையும் இரண்டு செட் எடுத்து, ஒன்றை டீச்சரிடமும் ஒன்றை ஆயாம்மாவிடமும் கொடுத்துவிடுங்கள். எங்கள் ஆயாம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பேத்தியை விட்டு வாசிக்கச் சொல்லி, தன் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்து, "இதா நானு?" என்று கேட்டாராம்.